உருகுநிலையும் உறைநிலையும் ஒண்ணுன்னு அந்த மாணவிக்கு சொல்லிட்டீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் அறிவியல் பக்கத்துல ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்த கேள்விய படிச்சேன். தண்ணிக்குள்ள எண்ணெய் துளித்துளியா கலந்து இருக்கிற எமல்ஷன குளிர வச்சா அந்த எண்ணெய் எப்ப உறையும்னு கேட்டிருந்தாங்க. நல்ல கேள்வி, நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல யாராவது இந்தக் கேள்விய என்கிட்ட கேட்டிருந்தா எனக்கு பல வருஷம் மிச்சமாகி இருக்கும். நீங்க போட்ட பதில் ரெண்டு வரி. உருகுநிலையும் உறைநிலையும் ஒரே வெப்பநிலைதான், அதனால எண்ணெயோட உருகுநிலைக்கு கீழ போனதும் துளி எல்லாம் உறைஞ்சிடும், இது முதல் வரி. திரும்ப சூடாக்கினா எமல்ஷன் பழையபடி ஆயிடும், இது ரெண்டாவது வரி. ரெண்டுமே தப்பு. பாடப்புத்தகத்துல இருக்கிறத நம்பித்தான் எழுதி இருப்பீங்கன்னு தெரியும், நானும் அதே புத்தகத்த படிச்சவன்தான், ஆனா எமல்ஷன் விஷயத்துல அந்த பதில் செல்லாது, ஏன் செல்லாதுன்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன், இடம் இல்லேன்னா வெட்டிப் போடுங்க, ஆனா திருத்தம் மட்டும் கண்டிப்பா போடுங்க.

நான் தோலுக்கு தடவற கிரீம், லோஷன் தயாரிக்கிற ஒரு கம்பெனில குவாலிட்டி கன்ட்ரோல் லேப்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன். கிரீம்னா வேற ஒண்ணும் இல்ல, எமல்ஷன்தான், பள்ளிக்கூட தமிழ்ல பால்மம். தண்ணில எண்ணெய பொடிப்பொடி துளியா உடைச்சு, துளிங்க திரும்ப ஒண்ணு சேராம இருக்க ஒவ்வொண்ண சுத்தியும் எமல்சிஃபையர் மூலக்கூறு ஒரு தோல் மாதிரி போர்த்தி வச்சிருக்கும். பாலும் இதே அமைப்புதான்.

முதல்ல அந்த "ஒரே வெப்பநிலை" விஷயம். ஹெக்ஸாடெக்கேன்னு ஒரு எண்ணெய் இருக்கு, 16 கார்பன் வரிசையா கோத்த சங்கிலி, இந்த ஆராய்ச்சி பண்றவங்க எல்லாருக்கும் பழகின எண்ணெய், ஏன்னா அதோட உருகுநிலை சுமார் 18 டிகிரி செல்சியஸ், லேப்ல கையாள வசதி. இத ஒரு பாட்டில்ல ஊத்தி குளிர வச்சா 18க்கு கொஞ்சம் கீழ போனதும் கெட்டி ஆயிடும். அதே எண்ணெய ஒரு மைக்ரான் அளவு, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு அளவு துளிகளா தண்ணில கலந்து குளிர வைங்க, 15 டிகிரில திரவம், 10 டிகிரிலயும் திரவம், கிட்டத்தட்ட 5 டிகிரி பக்கம் வந்தப்பறம்தான் துளிங்க உறைய ஆரம்பிக்கும். ஆனா உறைஞ்சத திரும்ப சூடாக்கினா 5 டிகிரில உருகாது, 18 பக்கம் வந்துதான் உருகும். அதே எண்ணெய், அதே தெர்மாமீட்டர், போற வழில ஒரு நம்பர், திரும்பி வர்ற வழில வேற நம்பர்! உருகறதுக்கு ஒரு நிலையான வெப்பநிலை உண்டு, உறையறதுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. உருகுநிலைக்கு கீழ போனா உறையலாம்னு அனுமதி கிடைக்குது, அவ்வளவுதான், உறைஞ்சே ஆகணும்னு இல்ல. இந்த நிலைக்கு சூப்பர்கூலிங்னு பேரு.

இது ஏன்னு புரிஞ்சுக்க ஒரு படிகம் எப்படி பிறக்குதுன்னு பார்க்கணும். திரவத்துல மூலக்கூறு எல்லாம் தாறுமாறா அலைஞ்சுட்டு இருக்கும், அதுல சிலது தற்செயலா வரிசையா நிக்கும், ஒரு குட்டி கொத்து. அந்த கொத்துக்கு உள்பக்கம் லாபம், ஏன்னா வரிசையா நிக்கறதுதான் இப்ப நிலையானது, ஆனா வெளிப்பக்கம் நஷ்டம், ஏன்னா கொத்துக்கும் சுத்தி இருக்கிற திரவத்துக்கும் நடுவுல ஒரு புது பரப்பு உண்டாகுது, பரப்பு உண்டாக்க ஆற்றல் செலவாகும். கொத்து சின்னதா இருக்கும்போது உள்ள இருக்கிற ஆளவிட பரப்புல நிக்கிற ஆள்தான் ஜாஸ்தி, அதனால நஷ்டம்தான், கலைஞ்சிடும். ஒரு குறிப்பிட்ட அளவ தாண்டிட்டா மட்டும்தான் அது வளரும். அந்த அளவ தாண்டின கொத்துதான் விதை. பாட்டில்ல இருக்கிற எண்ணெய்க்கு இந்த கஷ்டம் பெருசா இல்ல, ஏன்னா அதுல எங்கயோ ஒரு தூசி இருக்கும், கண்ணாடில ஒரு கீறல் இருக்கும், அது மேல கொத்து சாய்ஞ்சு நின்னா வெளிப்பக்க நஷ்டம் குறையும், சீக்கிரமே விதை ஆயிடும், ஒரே ஒரு விதை போதும் மொத்த பாட்டிலும் கெட்டி ஆகிடும்.

இப்ப அதே எண்ணெய துளியா உடைச்சா என்ன ஆகுதுன்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒரு மில்லிலிட்டர் எண்ணெய ஒரு மைக்ரான் விட்டம் உள்ள துளிகளா உடைச்சா கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி துளி வரும். அந்த எண்ணெய்ல ஒரு கோடி தூசித் துகள் இருந்தாக்கூட 2 லட்சம் துளிக்கு ஒண்ணுதான் பங்கு வரும். மத்த துளி எல்லாம் தூசியே இல்லாத சுத்தமான எண்ணெய், உதவிக்கு யாரும் இல்ல, தானாதான் விதை உண்டாக்கணும், அதுக்கு நல்லா ஆழமா குளிர்ந்தாதான் முடியும். ஒரு துளில விதை விழுந்தாலும் பக்கத்து துளிக்கு அது போகாது, நடுவுல தண்ணி இருக்கு, தோல் இருக்கு. அதனால ஒவ்வொரு துளியும் தனித்தனியா, அதுக்குன்னு ஒரு நேரத்துல உறையும். மாணவி "எப்ப உறையும்"னு கேட்டாங்கள்ல, எந்த துளின்னு திருப்பி கேட்டிருக்கணும்.

இது புது விஷயமும் இல்ல. தண்ணிய உறைநிலைக்கு கீழயும் திரவமாவே வச்சிருக்க முடியும்னு ஃபாரன்ஹீட் 1724லயே எழுதிட்டார், தெர்மாமீட்டர்ல பேரு இருக்கிற அதே ஃபாரன்ஹீட்தான். துளியா உடைச்சு தூசிய பங்கு போட்டு விடற தந்திரத்த 1948ல பெர்னார்ட் வானகட் உருக்கின வெள்ளீயத்துல பண்ணிக் காட்டினார், 1950கள்ல டேவிட் டர்ன்புல் பாதரசத் துளில அளந்து கணக்கா எழுதினார், 1961ல அவரும் கார்மியாவும் ஹெக்ஸாடெக்கேன் வகை எண்ணெய்த் துளிகள்லயே அளந்தாங்க. மேகத்துல இருக்கிற சுத்தமான தண்ணித் துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும் உறையாம இருக்கறதும் இதே காரணத்தாலதான். இத்தனை வருஷமா தெரிஞ்ச விஷயம் பள்ளிக்கூட பதில்ல மட்டும் ஏன் வரமாட்டேங்குதுன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த தப்பான வரிய நம்பி நாங்க பட்ட பாட சொல்றேன். நாங்க அப்ப ஒரு புது கிரீம் போட்டோம், அதுல மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு எண்ணெய் ஜாஸ்தி, அதோட உருகுநிலை 36 டிகிரி. சூடா கலந்து, ஹோமோஜினைசர்ங்கிற துளிய பொடியாக்கற மெஷின்ல உடைச்சு, டேங்க்ல 25 டிகிரிக்கு குளிர வச்சு, டியூப்ல அடைச்சோம். எங்க செய்முறை பேப்பர்ல "25 டிகிரி, எண்ணெய் பகுதி திடம்"னே டைப் பண்ணி இருந்துச்சு, நான்தான் கையெழுத்து போட்டேன். அடைக்கும்போது கிரீம் அருமையா இருந்துச்சு, வழுவழுன்னு, பிசுபிசுப்பு அளவும் சரி. 3 வாரம் கழிச்சு புகார் வர ஆரம்பிச்சுது, சில டியூப்ல கிரீம் கல்லு மாதிரி ஆயிடுச்சு, சிலதுல அரிசி அரிசியா கட்டி, சிலதுல மேல எண்ணெய் நிக்குது, அதே பேட்ச்ல பாதி டியூப் ஒண்ணுமே ஆகாம அப்படியே இருக்கு. எமல்சிஃபையர் சப்ளை பண்ணவங்க மேல பழி போட்டோம், அவங்கள ரெண்டு மாசம் அலைய விட்டோம். பாவம், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

கடைசில கூட வேலை பார்த்த ஒரு அம்மா, வயசுல எனக்கு மூத்தவங்க, ஒரு யோசனை சொன்னாங்க. சாம்பிள் குளிரும்போது அளக்காதீங்க தம்பி, டேங்க்ல இருந்து எடுத்த புது கிரீம அப்படியே 25 டிகிரில இருந்து மெதுவா சூடாக்கி எவ்வளவு வெப்பம் இழுக்குதுன்னு பாருங்கன்னாங்க. டிஎஸ்சின்னு ஒரு மெஷின் இருக்கு, அதுல திடமா இருக்கிற எதுவும் உருகும்போது வெப்பத்த இழுக்கும், வரைபடத்துல ஒரு பள்ளம் விழும். புது கிரீம்ல பள்ளமே இல்ல, 50 டிகிரி வரைக்கும் கோடு நேரா போச்சு. அதாவது உள்ள உருகறதுக்கு ஒண்ணுமே இல்ல, துளி எல்லாம் திரவம்! கெட்டியான டியூப்ல இருந்து எடுத்ததுல 36 பக்கம் பெரிய பள்ளம். போலரைஸ்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தோம், திரவத் துளி அதுல இருட்டா இருக்கும், படிகம் மட்டும் பளிச்சுன்னு மின்னும், புது கிரீம் முழுக்க இருட்டு, ரெண்டு வார கிரீம்ல இருட்டுக்கு நடுவுல அங்கங்க வெளிச்சப் புள்ளி, ராத்திரி வானம் மாதிரி. நாங்க திடம்னு கையெழுத்து போட்டு அனுப்பினது திரவத்த. உறையற வேலைய டியூபுக்குள்ள, லாரில, குடோன்ல ஒவ்வொரு துளியா அதுஅது இஷ்டத்துக்கு பண்ணி இருக்கு.

சரி, உறைஞ்சா உறையட்டும், அதுல கிரீம் ஏன் கெடணும்? ஏன்னா துளி உறையும்போது எப்பவும் அழகான உருண்டையாவே கெட்டி ஆகாது. படிகம்னா ஊசி, தட்டு மாதிரி வளரும், கொழுப்பு எண்ணெய்ல பல வகை மூலக்கூறு கலந்து இருக்கறதால ஒரு பகுதி படிகமாகும் மீதி திரவமாவே இருக்கும், அந்த ஊசி நுனி துளியோட தோல குத்திட்டு லேசா வெளிய நீட்டிட்டு இருக்கும். இன்னொரு துளி பக்கத்துல வந்து மோதினா ஊசி அதோட தோலையும் குத்தும், உள்ள இருக்கிற திரவ எண்ணெய் ஊசி வழியா கசிஞ்சு ரெண்டு துளிக்கும் நடுவுல ஒரு பாலம் போட்டு பிடிச்சுக்கும். ரெண்டுமே திரவமா இருந்தா சேர்ந்து ஒரே பெரிய உருண்டை ஆகி இருக்கும், இங்க உள்ள இருக்கிற படிகக் கூடு அத விடாது, ரெண்டு உருண்டை ஒட்டின மாதிரியே நின்னுடும். அதுல மூணாவது, நாலாவதுன்னு ஒட்டி கொத்து கொத்தா ஒரு வலை ஆகிடும், கிரீம் கல்லு ஆனது இப்படித்தான். இதுக்கு பகுதி இணைவுன்னு சொல்லலாம், 1981ல வான் போக்கல், வால்ஸ்ட்ராங்கிற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இத பத்தி எழுதினது இன்னிக்கும் அடிப்படையா இருக்கு. முக்கியமா ஒண்ணு, முழுக்க திரவமா இருந்தாலும் இது நடக்காது, முழுக்க திடமா இருந்தாலும் ஒட்ட பசை இல்லாததால நடக்காது, நடுவுல பாதி திடம் பாதி திரவம்ங்கிற நிலைதான் ஆபத்து. கலக்கினா, குலுக்கினா இன்னும் வேகமா நடக்கும், ஏன்னா மோதல் ஜாஸ்தி. எங்க டியூப் லாரில போனத நினைச்சு பாருங்க.

எனக்கு குத்தமா போன இதே விஷயம்தான் பால் தொழில்ல வேணும்னே செய்யற வேலை. பாலாடைய குளிர வச்சு கொழுப்புல ஒரு பகுதிய படிகமாக்கிட்டு அடிச்சாதான் காத்துக் குமிழிய சுத்தி கொழுப்புத் துளிங்க ஒட்டி ஒரு சட்டம் மாதிரி நின்னு நுரை தாங்கும், வெண்ணெய் திரளறதும் ஐஸ்கிரீம் உருகும்போது சட்டுன்னு தண்ணியா ஓடாம உருவத்தோட நிக்கறதும் இதே ஒட்டலாலதான். ஐஸ்கிரீம்ல சேர்க்கிற எமல்சிஃபையர் துளிய நல்லா பிரிச்சு வைக்கத்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உண்மைல அது துளிய சுத்தி இருக்கிற தடிமனான புரதத் தோல கொஞ்சம் நகர்த்தி மெல்லிசாக்குது, துளிங்க ஒட்டறதுக்கு வழி பண்ணுது.

இப்ப உங்க ரெண்டாவது வரிக்கு வர்றேன். சூடாக்கினா பழையபடி ஆயிடுமா? அந்த ஒட்டின கொத்த சூடாக்கினா உள்ள இருந்த படிகக் கூடு உருகும், கூடு போனதும் கொத்துல இருந்த அத்தனை துளியும் ஒண்ணா சேர்ந்து ஒரே பெரிய துளி ஆயிடும், பெரிய துளி மேல மிதந்து வந்து எண்ணெய்ப் படலமா நிக்கும். எங்க கிரீம்ல மேல எண்ணெய் நின்ன டியூப் எல்லாம் எங்கயோ வெயில் பட்டு உருகினது. குளிர வச்சப்ப நடந்த சேதம் உருகும்போதுதான் கண்ணுக்கு தெரியும். தண்ணியும் உறையற அளவுக்கு போனா இன்னும் மோசம், ஐஸ் படிகம் வளரும்போது எண்ணெய்த் துளிங்கள எல்லாம் மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்துல நெருக்கித் தள்ளும், தோல் கிழியும். நரம்பு வழியா ஏத்தற கொழுப்பு எமல்ஷன் பாட்டில்ல "உறைய விடாதீர்கள்"னு எழுதி இருக்கறது இதனாலதான், தெரியாம உறைஞ்சு போச்சுன்னா உருக வச்சு பயன்படுத்தக் கூடாது, தூக்கி போடணும். பெரிய துளி ரத்தக் குழாய்ல போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க ரெண்டாவது வரி வெறும் பாடத் தப்பு இல்ல, யாராவது நம்பினா ஆபத்து, அதனாலதான் நான் இவ்வளவு அழுத்தி எழுதறேன்.

இன்னொரு விஷயம், துளிங்க ஒண்ணுக்கொண்ணு முழுக்க அந்நியமும் இல்ல. 1990ல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல மெக்லிமென்ட்ஸ், டிக்கின்சன், போவி மூணு பேரும் ஒரு அழகான சோதனை பண்ணாங்க. ஹெக்ஸாடெக்கேன் எமல்ஷன ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய நல்லா குளிர வச்சு திடத் துளியாக்கி, மறு பாதிய திரவமாவே விட்டு, ரெண்டையும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலைல கலந்து வச்சாங்க. அந்த வெப்பநிலைல திரவத் துளி தனியா இருந்தா உறையாது, திடத் துளி உருகவும் செய்யாது. ஆனா நேரம் ஆக ஆக திரவத் துளியும் திடமாச்சு, திடத் துளி வந்து மோதும்போது அதோட படிகமே விதையா வேலை செஞ்சிருக்கு. ஜலதோஷம் ஒட்டற மாதிரி உறையறதும் ஒட்டும்! இத அவங்க பார்த்தது அல்ட்ராசவுண்ட் வச்சு, திடத் துளி இருந்தா ஒலி வேகமா போகும், வேகத்த அளந்தா எவ்வளவு திடம்னு தெரிஞ்சிடும், பாட்டில திறக்கக்கூட வேண்டாம். எங்க பேட்ச்ல சில டியூப் முழுக்க கல்லாகி சிலது அப்படியே இருந்ததுக்கு காரணம் இதுதான்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

எமல்சிஃபையர் தோலும் சும்மா இருக்கறதில்ல. அதோட வால் பகுதி எண்ணெய் மாதிரியே நீளமான கார்பன் சங்கிலி, எண்ணெய் சங்கிலிய விட வால் நீளமா நேரா இருந்தா குளிரும்போது வாலுங்க முதல்ல விறைச்சு வரிசையா நிக்கும், அத பார்த்து உள்ள இருக்கிற எண்ணெய் மூலக்கூறும் வரிசைல சேரும். அப்ப விதை துளியோட தோல்ல இருந்தே கிளம்பும். அதே எண்ணெய், அதே துளி அளவு, எமல்சிஃபையர் மாத்தினா உறையற வெப்பநிலை மாறிடும். துளி அளவு மாறினாலும் மாறும், விதை உள்ள எங்க வேணா பிறக்கற மாதிரி இருந்தா ரெட்டை விட்டம் உள்ள துளிக்கு வாய்ப்பு 8 மடங்கு, தோல்ல மட்டும் பிறந்தா 4 மடங்கு. உறைநிலைன்னு ஒரே நம்பர எழுத முடியாதுங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

இந்த தோல் விஷயத்துலதான் சமீபத்துல ரொம்ப ஆச்சரியமான ஒண்ண கண்டுபிடிச்சிருக்காங்க. 2015ல பல்கேரியாவோட சோஃபியா பல்கலைக்கழகத்துல டென்கோவ், சோலகோவா குழுவும் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஸ்முகோவும் நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. நீளமான வால் உள்ள எமல்சிஃபையர் போட்ட ஹெக்ஸாடெக்கேன் மாதிரி எண்ணெய்த் துளிய மெதுவா குளிர வச்சா, உள்ள இன்னும் திரவமா இருக்கும்போதே துளி உருண்டை வடிவத்த விட்டுடுது. முதல்ல 20 முகம் உள்ள பட்டை தீட்டின மணி மாதிரி ஆகுது, அப்பறம் தட்டையாகி அறுகோணத் தட்டு, அதுல இருந்து முக்கோணம், நாற்கரம், மூலைல இருந்து மெல்லிசா நூல் முளைக்குது, கடைசில நீளமான குச்சி, நூல்னு போகுது. திரவம்னா உருண்டைதான்னு நாம மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம், பரப்பு இழுவிசை உருண்டையாதான் சுருட்டும்னு. அந்த மைக்ராஸ்கோப் படங்கள முதல் தடவை பார்த்தப்ப எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல.

ஏன் 20 முகம்? தோல்ல மூலக்கூறுங்க தேன்கூடு மாதிரி அறுகோண ஒழுங்குல நிக்கப் பார்க்குது, ஆனா உருண்டை மேல முழுக்க அறுகோணம் ஒட்ட முடியாது, கணக்குப்படி கண்டிப்பா 12 இடத்துல ஐங்கோணம் வரணும், கால்பந்துல கருப்பு ஐங்கோணம் 12 இருக்கே அதேதான். அந்த 12 இடமும் மூலையா புடைச்சு நிக்கும், 12 மூலை உள்ள ஒழுங்கான உருவத்துக்கு 20 முக்கோண முகம். இத யாரும் அச்சுல வார்க்கல, வெளிய இருந்து தொடல, குளிர மட்டும்தான் வச்சாங்க. தோல் எவ்வளவு தடிமன்ங்கிறதுல மட்டும் கருத்து வேறுபாடு இருக்கு. சோஃபியா குழு சொல்றது, தோலுக்கு அடில எண்ணெய் மூலக்கூறே பல அடுக்கா ரொட்டேட்டர் ஃபேஸ்ங்கிற நிலைக்கு வந்து வளைக்கக்கூடிய சட்டம் மாதிரி நிக்குதுன்னு, அந்த நிலைல மூலக்கூறு வரிசைல நிக்கும் ஆனா தன் அச்சுல சுத்திட்டே இருக்கும், முழு படிகமும் இல்ல திரவமும் இல்ல. இஸ்ரேலோட பார் இலான் பல்கலைக்கழகத்துல ஸ்லௌட்ஸ்கின் குழு 2016ல எழுதினது, ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் உள்ள உறைஞ்ச அடுக்கு போதும், அதோட பரப்பு இழுவிசை கிட்டத்தட்ட இல்லாம போறதாலதான் வடிவம் மாறுதுன்னு. எமல்சிஃபையர், துளி அளவு, குளிர வைக்கிற வேகம் இதெல்லாம் பொறுத்து ரெண்டுமே நடக்கலாம்னு எனக்கு தோணுது.

இதே சோஃபியா குழு 2017ல இன்னொண்ணு காட்டினாங்க, அது எனக்கு ரொம்ப நெருக்கமானது, ஏன்னா என் கிரீம் கெட்டதுக்கு நேர் எதிர். சரியான எமல்சிஃபையர் போட்டு எமல்ஷன குளிர வச்சு, சூடாக்கி, திரும்ப குளிர வச்சு சில சுத்து விட்டா துளிங்க ஒட்டறதுக்கு பதிலா தானா உடைஞ்சு இன்னும் பொடி ஆகுது, ஒரு மைக்ரானுக்கும் ரொம்ப கீழ சில பத்து நானோமீட்டர் வரைக்கும். ஹோமோஜினைசர் இல்ல, கடையற வேலை இல்ல, குளிரும் சூடும் மட்டும். நாங்க எவ்வளவு மின்சாரம் செலவு பண்ணி அந்த மெஷின ஓட்டினோம்னு எனக்குத்தான் தெரியும். 2021ல துளில முளைக்கிற அந்த நூல் தண்ணிய பின்னால தள்ளி துளி மெதுவா நீந்தறதயும், சூடாக்கினா நூல் உள்ள போயி திரும்ப குளிர வச்சா மறுபடி நீந்தறதயும் அவங்களும் கூட வேலை பார்த்தவங்களும் காட்டினாங்க. உயிரே இல்லாத எண்ணெய்த் துளி.

கொழுப்பு எண்ணெய்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, அத சுருக்கமா சொல்லிடறேன். அதுக்கு ஒரே படிகம் இல்ல, ஆல்பா, பீட்டா பிரைம், பீட்டான்னு 3 முக்கிய வடிவம். நிலையானது பீட்டாதான், ஆனா விதை போடறதுக்கு சுலபம் ஆல்பா, அதனால அவசரமா குளிர வச்சா ஆல்பா முதல்ல வரும், அப்பறம் மெதுவா பீட்டாவா மாறும். மருந்த உள்ள வச்சு உடம்புக்குள்ள அனுப்பற திடக் கொழுப்பு நானோ துகள்கள்ல இதுதான் தலைவலி, ஆல்பாவா இருக்கும்போது உருண்டையா இருந்தது பீட்டா ஆகும்போது தட்டு மாதிரி ஆயிடும், பரப்பு ஜாஸ்தி ஆகி எமல்சிஃபையர் பத்தாம போயி மொத்தமும் ஜெல் மாதிரி உறைஞ்சிடும், உள்ள இருந்த மருந்தும் வெளிய தள்ளப்படும். இன்னொரு பக்கம் ட்ரைலாரின்னு ஒரு கொழுப்பு, உருகுநிலை 46 டிகிரி, அத நானோ துளி ஆக்கினா அறை வெப்பநிலைல திடமாவே ஆகறதில்ல, திரவமாவே நிக்குது. "திட" துகள்னு நினைச்சுட்டு திரவத்த கைல வச்சிருக்கறது எங்க கிரீம் கதைதான் திரும்பவும்.

எங்க கிரீம எப்படி சரி பண்ணோம்னு சொல்லி முடிச்சுக்கறேன். 25ல நிறுத்தாம 10 டிகிரி வரைக்கும், அசைக்காம, டேங்க்லயே குளிர வச்சு எல்லா துளியும் எங்க கண்ணு முன்னாடியே உறையற மாதிரி பண்ணோம், வால் நீளமான எமல்சிஃபையர் கொஞ்சம் சேர்த்தோம், விதை தோல்ல இருந்தே சீக்கிரம் கிளம்பறதுக்கு. அப்பறம் ஒவ்வொரு பேட்சையும் சூடாக்கி பார்த்து பள்ளம் விழுந்தாதான் கையெழுத்து போட்டேன். அந்த எமல்சிஃபையர் கம்பெனிக்காரங்ககிட்ட நேர்ல போயி மன்னிப்பும் கேட்டேன்.

ஒரு வேண்டுகோள். திருத்தத்த ஏதோ ஒரு மூலைல பொடி எழுத்துல போடாம அதே மாணவர் பக்கத்துல, அதே கேள்விய திரும்ப போட்டு, அதுக்கு கீழ போடுங்க. அந்த மாணவி கண்ணுல படணும். முடிஞ்சா அந்த அறுகோணத் துளி படம் ஒண்ணும் கூட போடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர பல வருஷமா படிக்கிற, ஓய்வு பெற்ற ஒரு குவாலிட்டி கன்ட்ரோல் ஊழியர்